ஐந்து கால்மானங்கள்

எம்.எஸ்ஸி. புள்ளியியல் புராஜெக்டுக்காகப் பரளச்சியில் எங்கள் மானாவாரிக் காட்டில் இருநூறு கொத்துமல்லிச் செடிகளின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "அளந்தா வளந்துருமா ஆத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

குட்டையிலிருந்து நெட்டை வரை வரிசைப்படுத்தி, நாற்பது நாற்பதாக ஐந்து பங்கு போட்டேன். இப்படிச் சம எண்ணிக்கையாகப் பிரிக்கிற வெட்டுப் புள்ளிகளுக்குப் பொதுப்பெயர் குவான்டைல். எத்தனை பங்கு வேண்டுமானாலும் போடலாம். நாலு பங்கு போட்டால் மட்டும்தான் குவார்ட்டைல். பாடப்புத்தகத் தமிழில் கால்மானம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அருப்புக்கோட்டையில் டைப் அடித்துக் கொடுத்த அக்கா அந்த எழுத்தைக் கவனித்துவிட்டார். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின சாயங்காலம், பைண்டிங் முடிந்த புத்தகங்களை நீட்டி, "ஸ்பெல்லிங் பூராம் தப்பா எழுதியிருந்தே. எல்லாத்தையும் குவார்ட்டைலுன்னு மாத்திட்டேன்" என்றார். நன்றிக்காகக் காத்து நின்றார். நானும் சொல்லித் தொலைத்தேன்.

பதறிப்போய் என் வழிகாட்டிப் பேராசிரியருக்குப் போன் போட்டேன். "விடும்மா, யாரு படிக்கப் போறா?" என்றார். அவரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் படித்துவிட்டார்.

"ஏம்மா, குவார்ட்டைலுன்னா நாலு பங்கு. நீ அஞ்சுல்ல வச்சிருக்க?"

டைப்பிங் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பேராசிரியர் முந்திக்கொண்டார். "அது மாடிஃபைடு மெத்தடு சார். மானாவாரிக்கு ஏத்த மாதிரி."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார்.

எனக்கு மார்க் வேண்டியிருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். அந்த வருடம் டிபார்ட்மெண்டில் நான்தான் முதல் மார்க். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

இப்போது அதே டிபார்ட்மெண்டில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி திருச்சுழி மழையளவை ஆறு பங்காகப் பிரித்து, மேலே 'குவார்ட்டைல்' என்று எழுதிக்கொண்டு வந்தாள்.

"ஆறு எப்படிம்மா வரும்?"

"உங்க தீசிஸ்ல அஞ்சு இருக்கே மேடம். நான் அதை ஆறாக்குறேன்." லைப்ரரியிலிருந்து எடுத்து வந்த என் புத்தகத்தைக் காட்டினாள்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். சிரித்தாள். "ரொம்ப அடக்கமா பேசுறீங்க மேடம்."

பொறுக்க முடியாமல் பேனாவை எடுத்து, முதல் பக்கத்திலிருந்தே அந்த எழுத்தைத் திருத்தப் போனேன். அவள் புத்தகத்தைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"லைப்ரரி புக்கு மேடம். இதுல எழுதக் கூடாது."