நீர்வீழ்ச்சியில் கரீம் பாய்

நெல்லித்தோப்பில் ஜஹபர் நிஷாவின் கடையில் பிறந்தநாள், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் வடிவமைத்துத் தருவார்கள். தருவார்கள் என்றால் நிஷாதான். கடையில் வேறு ஆள் கிடையாது. புதுச்சேரியில் பேனர் வைக்கத் தடை இருக்கிறது. பேனரும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிஷாவின் குடும்பம் பல வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அவளிடம் ஒரு நீர்வீழ்ச்சிப் படம் இருந்தது. இணையத்தில் எடுத்தது, எந்த நாடு என்று தெரியாது. பின்னால் பனிமலை, இரண்டு பக்கமும் ஊசிமரங்கள். வட்டாரத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பேனரில் அந்த அருவிக்கு முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நிற்பார்கள். யாரும் குளிருகிறது என்று சொன்னதில்லை.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒருநாள், வார்டில் கட்சிப் பொறுப்பில் இருக்கும் கன்னியப்பன் கைபேசியை நீட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார்.

"இன்னாக்கா இது? நான் நிக்கிற அதே அருவியில எதிர்க்கட்சிக்காரனும் நிக்கிறான். பாக்குறவன் இன்னா நெனைப்பான்? ரெண்டு பேரும் ஒண்ணா டூர் போயிட்டு வந்திருக்கோம்னு நெனைப்பான்."

"வேற அருவி போட்டுத் தரேண்ணே."

"அதையும் நெட்டுலதான் எடுப்ப. அவனும் எடுப்பான். நம்மூர் அருவியா போடு."

"நம்மூர்ல ஏதுண்ணே அருவி? மலையே இல்லயே."

கன்னியப்பன் கொஞ்சம் யோசித்தார். இல்லை என்று ஒப்புக்கொள்வது அவர் வழக்கமில்லை. "படுகை அணை ரொம்பி வழியுது. போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சங்கராபரணியில் வெள்ளம் வந்தால் படுகை அணையின் மேலே தண்ணீர் ஏறி அந்தப் பக்கம் விழும். ஓர் ஆள் உயரம்தான். ஆனால் ஆற்றின் முழு அகலத்துக்கும் விழும். அந்தச் சில நாட்களுக்கு ஊரே வண்டி எடுத்துக்கொண்டு அங்கே போய்க் குளித்துவிட்டு, கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வரும்.

நிஷாவிடம் நல்ல கேமரா ஒன்று இருந்தது. அவளுடைய அண்ணன் மகன் ஃபவாஸ் பிரான்சுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அன்று மதியம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் அவள் வீடியோக்கள் பார்த்தாள். அருவித் தண்ணீர் பால் மாதிரி, பட்டு மாதிரி விழ வேண்டுமென்றால் கேமராவின் கண்ணை உடனே மூடக் கூடாது, நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். பகலில் அப்படித் திறந்து வைத்தால் படம் வெளுத்துப் போகும். அதனால் லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்று போட வேண்டும். அந்தக் கண்ணாடி வாங்கினால் வந்து சேர ஒரு வாரம். ஆறு ஒரு வாரம் காத்திருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இதைக் கணவனிடம் சொன்னாள். கரீமுக்கு கேட், கிரில் செய்யும் பட்டறையில் வெல்டிங் வேலை. அதிகம் பேசாதவர். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டார்.

"கறுப்புக் கண்ணாடின்னா, வெல்டிங் பண்ணும்போது மூஞ்சிக்கு வச்சுக்கறமே, அது ஆவாதா?"

ஆகும் என்று இணையத்தில் பலர் எழுதியிருந்தார்கள்.

முக்காலியும் அவளிடம் இல்லை. கரீம் மறுநாளே பட்டறையில் மிச்சமிருந்த கேட் குழாய்களை வெட்டி ஒன்று செய்துகொண்டு வந்தார். கேஸ் சிலிண்டர் கனம் இருந்தது. ஸ்கூட்டரில் நிஷா அதைத் தொடையிடுக்கில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துதான் போக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அணையில் கூட்டம் பொங்கி வழிந்தது. தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்தபடி ஆண்கள், ஓரமாகப் புடவையோடு பெண்கள், சோப்பு, ஷாம்பு, ஆளைத் தேடிக் கூப்பிடும் குரல்கள். முக்காலியை இறக்கி வைத்ததுமே நாலைந்து இளைஞர்கள் வந்து எந்த டிவி என்று கேட்டார்கள். டிவி இல்லை என்றதும், பரவாயில்லை, எங்களை ஒரு போட்டோ எடுங்க மேடம் என்று வரிசையாக நின்றார்கள். நிஷா சரி என்றாள். வீடியோவில் சொன்னபடி, நிமிடக்கணக்கில் திறந்திருக்கும் கேமராவுக்கு முன்னால் சில நொடி நின்றுவிட்டுப் போகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அவர்கள் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். எப்போது அனுப்புவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வெல்டிங் கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு மாட்டிவிட்டால் கேமராவில் ஒன்றும் தெரியாது, ஒரே இருட்டு. அதனால் மாட்டுவதற்கு முன்பே ஃபோகஸை, அதாவது படத்தின் தெளிவை, வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீரைப் பார்த்துத் தெளிவு வைக்க அவளுக்கு வரவில்லை.

"ஏங்க, அந்தக் கல்லு மேல போய் நில்லுங்க. அருவிகிட்ட. ஆடாம நில்லுங்க."

கரீம் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய், முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, அணையிலிருந்து உருண்டு கிடந்த கல்லின் மேல் ஏறி நின்றார். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்து நிஷா தெளிவு வைத்தாள். கண்ணாடியை மாட்டினாள். திறந்தாள். நான்கு நிமிடம். வந்துவிடலாம் என்று அவரிடம் சொல்ல மறந்துபோனாள்.

முதல் படம் கறுப்பு. இரண்டாவது படத்தின்போது ஒரு பெரியவர் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழுவினார். மூன்றாவது எடுத்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்து, கரீம் இன்னமும் அங்கேயே நிற்பதைப் பார்த்தாள்.

"இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

"நீதானே நிக்கச் சொன்ன."

கடைக்கு வந்து திரையில் போட்டால் படம் முழுக்கக் கிளிப்பச்சையாக இருந்தது. அது வெல்டிங் கண்ணாடியின் நிறம். ராத்திரி கடை சாத்துவதற்குள் அவள் பச்சையை எடுத்துவிட்டாள். மூன்றாவது படத்தில் தண்ணீர் நிஜமாகவே வெள்ளைப் பட்டுத்துணியை விரித்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. குளித்தவர்கள் யாரும் இல்லை. புடவைகள் இல்லை, சோப்பு இல்லை, விரல் காட்டியவர்கள் இல்லை. தண்ணீரின் மேல் கொஞ்சம் புகை போல் கிடந்தது, அவ்வளவுதான். நடுவில் கல்லின் மேல் கரீம் மட்டும் அப்படியே இருந்தார்.

நிஷா அவரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கல்யாண ஆல்பம் உட்பட எந்தப் போட்டோவிலும் கரீம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார், அல்லது கண்ணை மூடியிருப்பார். சொந்தக்காரர் கல்யாணங்களில் பிரியாணி தேக்சாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். இதில் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் அத்தனை அகலத்துக்கு அருவி விழ, அவர் கரையில் நிற்கும் அவளைத்தான் நான்கு நிமிடமும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். வேறு பக்கம் திரும்பியிருந்தால் முகம் கலைந்திருக்கும். மூக்கு, தாடி, புருவம் எல்லாம் தெளிவாக இருந்தன.

அவரை அழிப்பது பத்து நிமிட வேலை. நிஷா கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கன்னியப்பன் மாதிரியைப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாருக்கு. பின்னால யாரு?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர். வேணாம்னா எடுத்துடறேன்."

"இருக்கட்டும். தொண்டர் ஒருத்தர் நிக்கிற மாதிரி இருக்கு."

பேனர் சிக்னலில் ஏறியது. அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாருமே நம்மூர் அருவி வேண்டுமென்று கேட்டார்கள். ஒரு மாதத்தில் கரீம் இரண்டு காதுகுத்து, ஒரு புதுமனை புகுவிழா, ஒரு கபடிப் போட்டி ஆகியவற்றின் பின்னணியில் நின்றார். தொழுகைக்குப் போகும்போது பள்ளிவாசல் வாசலில், "பாய், உங்கள மரப்பாலம் சிக்னல்ல பாத்தேன்" என்றார்கள். கரீம் தலையை ஆட்டிக்கொண்டார்.

அப்புறம் ஒரு பெரியவர் இறந்துபோனார். அணைக்குப் பக்கத்து ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்து அங்கே குளித்தவர் என்று பிள்ளைகள் அதே படத்தைக் கேட்டார்கள். காலையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஏறியது. பதினோரு மணிக்குக் காலாப்பட்டிலிருந்து கரீமின் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கி, கடை வாசலிலேயே நிஷாவைக் கட்டிப்பிடித்து அழுதாள். பஸ்ஸில் வரும்போது பேனரைப் பார்த்துவிட்டு, பாதியிலேயே இறங்கி ஆட்டோ பிடித்தாளாம். பெரியவரை அவளுக்குத் தெரியவில்லை. தம்பியைத் தெரிந்தது.

"சொல்லவே இல்லையேடி! எப்படிப் போனான்? தண்ணியிலயா?"

நிஷா பட்டறைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "சொல்லு" என்றார் கரீம். அக்கா அந்தக் குரலைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு, அழுத கையோடு தம்பியைத் திட்டவும் செய்தாள். அவன் செய்த தப்பு என்ன என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. சாப்பிட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸில் திரும்பினாள்.

அன்று நிஷா துக்கத்துக்கென்று தனியாக ஒரு படம் செய்தாள். கல்லின் மேல் இருந்தவரை அழித்து, பக்கத்துத் தண்ணீரை எடுத்து அந்த இடத்தை மூடினாள். பார்த்தால் யாருக்கும் தெரியாது. தெரிந்த அவள் அந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்காமல் வேலை செய்தாள்.

இதையெல்லாம் பற்றிக் கரீம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கோபமாக இருக்கிறாரோ என்று நிஷாவுக்குச் சந்தேகம், கேட்கவும் பயம். ஒருநாள் சாயங்காலம் பட்டறையிலிருந்து நேரே கடைக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார்.

"நிஷா, அந்தச் சட்டைய மாத்த முடியுமா?"

"ஏங்க?"

"பொறி பட்டு ஓட்ட ஓட்டையா இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது நல்லா தெரியுது."

என்ன நிறம் வேண்டும் என்று அவள் கேட்டாள். கரீம் அவசரப்படாமல் யோசித்து, நீலம் என்றார்.