அழுத்தாத கை

கைப்பிடியின் இறுக்கத்துக்காக அவரை இடுக்கி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஹார்டுவேர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்த மசாஜ் நிலையத்தில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. லாரி ஓட்டுகிறவர்கள், கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள், நாள் முழுக்க நின்று முடி வெட்டுகிறவர்கள் எல்லோரும் முதுகைக் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைப்பார்கள். தசை முடிச்சில் கட்டைவிரலை வைத்தாரென்றால் படுத்திருப்பவர் அலறாமல் இருக்க மாட்டார். அலறினால்தான் இருவருக்கும் திருப்தி.

ஐம்பத்தோராவது வயதில் அந்தக் கட்டைவிரல்கள் அவரைக் கைவிட்டன. முதலில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியவில்லை. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துபோய்விட்டது என்றார்.

"இனிமே அழுத்துற வேலையெல்லாம் வேண்டாம்."

"அதுதாங்க என் வேலையே," என்றார் இடுக்கி.

நிலையத்தின் முதலாளியம்மா அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். மெல்லத் தொட்டுச் செய்கிற சிகிச்சை. சொல்லிக்கொடுத்தவள் அவரில் பாதி வயதுப் பெண்.

"பூனை மடியில கால் வைக்குமே, அவ்வளவு பாரம் போதும். வச்சிட்டு மூச்சைக் கவனிங்க," என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பண்ணக் கூடாது. அதுதான் கஷ்டம்."

கஷ்டமாகத்தான் இருந்தது. பழைய ஆட்கள் கேலி செய்தார்கள். "என்ன இடுக்கி, கையை வச்சிட்டுத் தூங்கிட்டியா?" என்று குப்புறப் படுத்தபடியே கேட்டார் ஒரு முடிதிருத்துபவர். இடுக்கிக்கு முகம் சுருங்கிப்போனது. சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். அவருடைய வலது தோள் கருங்கல். பல வருடம் இடுக்கி முழு பலத்தோடு அழுத்தியும் அசையாத தோள்.

ஒரு காலையில் அந்தத் தோளின் கீழே கையைக் கொடுத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். டிரைவரின் உடம்பு உதறத் தொடங்கியது. குளிரில் நடுங்குவதுபோல் நடுக்கம். இடுக்கி பயந்து கையை எடுக்கப் போனார்.

"எடுக்காதண்ணே," என்றார் டிரைவர். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு தடவை பள்ளிக்கூடப் பொண்ணு ஒண்ணு வண்டிக்கு முன்னால ஓடி வந்துருச்சு. பிரேக் போட்டேன். ஒரு சாண். ஒரு சாண்ல நின்னுச்சு. அது பாட்டுக்குப் பையைத் தூக்கிட்டுப் போயிருச்சு. அடிபட்டிருந்தா நாலு பேர்கிட்ட சொல்லி அழுதிருப்பேன். யாருக்கும் எதுவும் ஆகலையே, என்னன்னு சொல்றது?"

சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். தோள் கொஞ்சம் இளகியிருந்தது. முழுசாக இல்லை.

அதன்பிறகு அப்படிப்பட்டவர்கள் நிறைய வந்தார்கள். ஊமையாகப் படுத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அழுகிறவர்களும் உண்டு. ஒரு நாளைக்கு எட்டுப் பேர். அழுத்திய காலத்தில் கைதான் வலித்தது. இப்போது எங்கே என்று காட்ட முடியாத ஒரு அலுப்பு. வீட்டுக்கு வந்ததும் ஜன்னலோர நாற்காலியில் விழுவார், கண்ணை மூடிக்கொள்வார். மனைவி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தால், "வேண்டாம்மா, இன்னிக்குப் போதும்," என்று நெளிவார். வருடக்கணக்கில் அப்படியே போய்விட்டது. அவள் வைப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. நின்றபடியே படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். கொஞ்ச காலமாக அவளுக்கு விலாவுக்குக் கீழே, வயிற்றின் மேல்பக்கம், யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் இருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். "நல்லா இருக்குன்னு சொல்லத்தான் அவ்வளவு நீளக் குழாயா?" என்று அவள் வீட்டில் சிரித்தாள். அவரும் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இடுக்கி கதவைத் திறந்து, "அஞ்சு," என்று கூப்பிட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்தாள்.

"நீ எங்க இங்க?"

"டோக்கன் எடுத்திருக்கேன்ல," என்று சீட்டைக் காட்டினாள்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அவளைத் தெரியாது. இடுக்கி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். மற்றவர்களுக்கு விரிப்பதுபோல் புதிய விரிப்பை விரித்தார். அவள் அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்து, "துவைக்கிறவங்க சரியா அலசல," என்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள்.

அவர் ஒரு கையை முதுகின் கீழேயும் இன்னொன்றை விலாவின் அடியிலும் வைத்தார். மூச்சு பாதி வழியில் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் பக்கத்தில் படுத்தவளுக்கு மூச்சு இப்படிப் போகிறது என்பது அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். "எல்லாரையும் இப்படித்தான் தொடுவீங்களா?"

"ஆமா."

"இந்தக் கையை வாசல்லயே விட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கீங்க, இத்தனை நாளும்."

கைக்குக் கீழே ஏதோ கெட்டியாவது தெரிந்தது. பிறகு அவள், சந்தைக்குப் போய்வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால மார்ல ஒரு கட்டி வந்துச்சு. நானே போய்க் காட்டினேன். ஊசி வச்சுச் சதை எடுத்தாங்க. ரிசல்ட்டுக்குப் பத்து நாள். விரிப்பு மடிச்சிட்டே இருந்தேன். சாதாரணக் கட்டின்னு வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"எப்பச் சொல்றது? நீங்க நாற்காலியில கண்ணை மூடியிருந்தீங்க."

கோபம் அப்போதுதான் அவள் குரலில் ஏறியது. "பத்து நாளும் மூடியிருந்தீங்க!" வயிறு ஒருமுறை இறுகி, உரக்க உறுமியது. அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிக்கப் போய்க் கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அவர் துடைக்கக் கையை எடுத்தார். "அதை அங்கயே வைங்க," என்றாள். வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிப்போனாள். ஆறாம் நம்பர் இரண்டுமுறை கதவைத் தட்டியது. அவர் எழவில்லை.

மாலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் நின்றபடி வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பத்து நாள் எந்த மாதம் என்று கேட்டார். சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்தார். அதில் ஒரு நாள்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

அவளுடைய வயிறு ஒரேயடியாகச் சரியாகிவிடவில்லை. மாத்திரை குறைந்தது, நிற்கவில்லை. அவர் எட்டுப் பேரை ஆறாகக் குறைத்துக்கொண்டார். முதலாளியம்மா முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். சில சாயங்காலங்களில் அவள் வந்து உட்கார்ந்தால் அவர் நெளிவதில்லை. சில சாயங்காலங்களில் நெளிகிறார். "போங்க, சும்மா இருங்க," என்று அவளும் எழுந்துபோகிறாள்.

வருடத்துக்கு ஒருமுறை அவள் மார்புப் பரிசோதனைக்குப் போக வேண்டும். இந்த வருடம் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போனார். நீளமான வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். முதல் அரைமணி அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலை சாய்ந்து குறட்டை விட்டார். நர்ஸ் கூப்பிட்டதும் அவள் முழங்கையால் இடித்தாள்.

"எந்திரிங்க. நம்மளத்தான் கூப்பிடுறாங்க."