ஒன்ஸ்மோர் கேட்டால் எழுந்துவிடுவேன்

கோழியை வெட்டித் தின்றுகொண்டிருப்பவர்களின் முன்னால் நின்று காதல் தோல்வியைப் பாடிப் பார்த்திருக்கிறீர்களா? கோலாலம்பூர் ஹோட்டல் ஒன்றில் எனக்குத் தினமும் அதுதான் வேலை. சோல் என்று பெயர். கறுப்பின மக்கள் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடுகிற பாட்டு. நானும் உயிரைக் கொடுத்துப் பாடி முடிப்பேன். முள்கரண்டிச் சத்தம் கேட்கும். எங்கள் திருச்சி என்றால் பாட்டு பிடிக்காதவன் செருப்பாவது வீசியிருப்பான். இங்கே அந்த மரியாதைகூட இல்லை.

ஊரில் நான் நாடக நடிகை. நடிப்பு சுமார்தான், ஆனால் சாவதில் கெட்டிக்காரி. கடைசிக் காட்சியில் பாடிக்கொண்டே சாவேன். கூட்டம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தும். பிணம் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி பாடி, மறுபடி சாகும். எழுபதுகளில் எங்கள் குழு மலேசியாவில் கிள்ளானுக்கு நாடகம் போட வந்தபோது முன்வரிசையிலிருந்து ஒரு குரல், "ஒன்ஸ்மோர் லா!" என்றது. அந்த 'லா' எதற்கென்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எழுந்தேன். அடுத்த முறை செத்தபோது ஓரக்கண்ணால் ஆளைப் பார்த்துவிட்டேன். செல்வராஜ், ரயில்வே குமாஸ்தா. அந்தக் குரலுக்காகவே கழுத்தை நீட்டி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியேறினேன். அவர் பெட்டி நிறைய வைத்திருந்த இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் சோல் பழகினேன்.

கல்யாணத்தோடு அந்த வாய் மூடிக்கொண்டது. ஹோட்டலில் ஒரு லைம் ஜூஸோடு மூலையில் உட்கார்ந்திருப்பார். "ஒரே ஒரு தடவை கத்துங்களேன்" என்று கெஞ்சினால், "பெரிய எடம் லா, மானம் போயிரும்" என்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், கடைசி வரியில் மேடையிலேயே விழுந்து செத்தேன். அப்போதாவது கத்துவார் என்று நினைத்தேன். சீன மேனேஜர்தான் தைலப் புட்டியோடு ஓடி வந்தார்.

"மிஸ், யூ சிக் ஆ?"

"நோ, டையிங்."

"டை அட் ஹோம் லா! கஸ்டமர் ஈட்டிங்!"

செல்வராஜ் லைம் ஜூஸுக்குள் முகத்தைப் புதைத்திருந்தார். அன்று எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது. என்னைத் திரும்பப் பாடச் சொல்ல இந்த நாட்டில் ஒரு ஆள் இல்லை.

சில வருஷம் கழித்து, தம்பி மகள் கல்யாணத்துக்குத் திருச்சி போனோம். மலேசியப் பாடகி என்று மேடையேற்றினார்கள். நம் ஜனம் கேட்கும் என்று நம்பி சோல் பாடினேன். பந்தியில் சாம்பார்தான் கேட்டார்கள். ரோஷத்தில் கடைசி வரியில் செத்து விழுந்தேன். கல்யாண வீட்டில் சாவது அபசகுனம் என்பது விழுந்த பிறகுதான் உறைத்தது.

"அக்காவுக்கு மயக்கம்! சோடா கொண்டாங்கடா!" என்று தம்பி அலறினான்.

கண்ணைத் திறக்கவில்லை. அங்கேயும் வேண்டாம், இங்கேயும் வேண்டாம் என்றால் எழுந்து எந்த ஊருக்குப் போவது?

அப்போது பந்தியிலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு ஒரு குரல்: "ஒன்ஸ்மோர் லா!"

மண்டபமே அந்த வெளியூர்க்காரரைத் திரும்பிப் பார்த்தது. 'லா' எதற்கென்று அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. திருச்சியில் செத்துக் கிடந்தவள், புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.