டெல்ஃபினா வீட்டில் ஆமைச் சோதனை

பாலைவன ஊரான டூசானில் என் பக்கத்து வீட்டுக்காரி டெல்ஃபினா ருவெல்காஸ், ஓய்வு பெறும்வரை கோர்ட் வாசலில் நின்று வருகிறவர்களின் பைகளைத் துழாவியவள். இரண்டு கணவர்களையும் அதே மாதிரி துழாவிப் பார்த்துத்தான் திருப்பி அனுப்பினாள். வேலை முடிந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ஊர் ஆமைச் சங்கத்தில் சேர்ந்து, ஆமை வளர்க்க ஆசைப்படுகிறவர்களின் வீடுகளைச் சோதிக்கும் பொறுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் பாலைவன ஆமைகளைக் கடையில் வாங்க முடியாது. சங்கம் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு. அதனால் அவள் கார் ஒரு தெருவில் திரும்பினாலே அங்கே துடைப்பச் சத்தம் கேட்கும். கைப்பையில் குட்டி ஆமை அளவுக்கு ஓர் உருளைக்கிழங்கு வைத்திருப்பாள். கூண்டின் மூலை மூலையாக அதை உருட்டித் தள்ளுவாள். எங்காவது சிக்கினால் பெயில். யாராவது குடிக்கத் தண்ணீர் நீட்டினாலும் லஞ்சம் என்பாள்.

ஹாலிஸ் ட்ரேகர் என்று ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர். பாவம், அவரை மூன்று தடவை கவிழ்த்தாள். முதலில், தரையில் வெறும் மணல் கொட்டியிருந்தார். குட்டி அதைத் தின்றால் வயிறு கட்டிவிடும். அடுத்து, சூட்டு விளக்கை ஒற்றைக் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். அறுந்து விழுந்தால் தீதான். மூன்றாவது தடவை எல்லாம் சரி, மூடிமேல் அவர் பூனை படுத்திருந்தது. நான்காவது தடவை பாஸ் ஆனார். ஆன கையோடு, வீம்புக்கென்றே பயிற்சி எடுத்து அவரும் சோதனை அதிகாரி ஆகிவிட்டார்.

இந்த லட்சணத்தில்தான் டெல்ஃபினாவின் ஆமை ராமிரோ முட்டை போட்டது. ராமிரோ ஆண் என்று பல வருடமாக அடித்துச் சொல்லி வந்தவள் அவள். ஒரு காலை, அவள் தோட்டத்தில் ஒரு ரோட்ரன்னர் பறவை எதையோ கொத்தப் போக, குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி விரட்டியிருக்கிறாள். பார்த்தால் குட்டி ஆமை. தேடத் தேட இன்னும் மூன்று. வேலி ஓரமாகப் போனவள், என் ஆமை பெலோன் சுவருக்கடியில் வெட்டிய சுரங்கத்தையும் கண்டுபிடித்துவிட்டாள்.

"உன் பையன் செவுத்துக்குக் கீழ பள்ளம் தோண்டி வந்திருக்கான்டி எனெதினா."

"உங்க பையன் முட்டை போட்டிருக்கான், டோன்யா டெல்ஃபினா. அதையும் கொஞ்சம் பேசுவோம்."

அன்றிலிருந்து நாங்கள் சம்பந்திகள்.

சங்கத்து விதி கறாரானது. குட்டி பொரித்த வீட்டைச் சோதிக்க வேண்டும். தேறினால் குட்டிகள் அங்கேயே வளரலாம், இல்லையென்றால் வேறு வீட்டுக்குப் போய்விடும். தன் வீட்டைத் தானே சோதிக்க முடியாது. மிச்சம் இருந்தது ஹாலிஸ் மட்டும்தான்.

டெல்ஃபினா பயந்துபோனதை அப்போதுதான் பார்த்தேன். குட்டிகள் வந்ததிலிருந்து அவள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. காலையில் நாலு பேருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்வாள். அவற்றைக் கொண்டுபோய்விட்டால் அந்த வீடு பழையபடி ஊமையாகிவிடும் என்று எனக்கும் பயம்தான்.

ஒரு பெரிய புத்தக அலமாரியை மல்லாக்கப் படுக்கவைத்து, தட்டுகளைக் கழற்றிக் கூண்டாக்கினாள். அவளுக்கு முழங்கால் மடங்காது என்பதால் அதைத் தூக்கி இரண்டு பெஞ்சுமேல் வைத்தோம். உள்ளே பிளாஸ்டிக் விரித்து ஈரமண் நிரப்பினாள். குட்டிகள் மூலையில் தொற்றி ஏறாதபடி முக்கோணப் பலகை அடித்தாள். ஒரு கோடியில் விளக்கு, இரட்டைச் சங்கிலியோடு. மறுகோடியில் ஒளிந்துகொள்ள உடைந்த பூந்தொட்டி. மேலே கம்பிவலை.

"நான் சோளமாவுத் தமாலே செஞ்சு எடுத்துட்டு வரட்டுமா? மனுஷன் சாப்பாட்டுக்கு மயங்குவாரு."

"கொண்டு வந்தீன்னா உன்னையும் சேத்து வெளிய தள்ளுவேன்."

சோதனை அன்று கொண்டு போனேன். ஹாலிஸ் வாசலில் நின்று வாசனையை இழுத்துப் பார்த்தார். பிறகு அவர் சட்டைப்பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கு வெளியே வந்தது.

"அது கொஞ்சம் பெருசா இருக்கு, மிஸ்டர் ட்ரேகர்," என்றாள் டெல்ஃபினா.

"நீங்க சொல்லிக்குடுத்த அளவுதான், மேடம்."

மூலை மூலையாக உருட்டினார். சிக்கவில்லை. சங்கிலியை இழுத்துப் பார்த்தார். மண்ணைப் பிடித்துப் பார்த்தார். அந்த முகத்தில் ஏமாற்றம் ஏறிக்கொண்டே போனதை நான் ரசித்தேன், பொய் சொல்வானேன். அப்புறம் அவர் கூண்டைச் சுற்றி வந்து டெல்ஃபினாவின் சாய்வு நாற்காலிப் பக்கம் நின்றார்.

அங்கே மரப்பலகையை அறுத்து ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் வெறும் பலகைதான் தெரிகிறது என்பதற்காக, எனக்குக்கூடச் சொல்லாமல் செய்த வேலை. நாலு குட்டிகளும் அந்தக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நின்றன.

"நான் வந்து உக்காந்ததும் எல்லாம் ஓடி வந்துரும்," என்றாள் நாற்காலியில் உட்கார்ந்தபடி. அவள் குரலில் அப்படி ஒரு குழைவை இரண்டு கணவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஹாலிஸ் ஒரு குட்டியை எடுத்து அதன் மூக்கைக் காட்டினார். நுனி வெளுத்துத் தேய்ந்திருந்தது. கண்ணாடி ஓரமாக மண்ணில் ஒற்றையடிப் பாதையே விழுந்திருந்தது.

"நீங்க இல்லாதப்பவும் இங்கதான் நிக்குதுங்க, மேடம். கண்ணாடின்னு அதுங்களுக்குத் தெரியாதே. வழின்னு நெனச்சு முட்டுதுங்க."

மார்தட்டிக்கொள்ள இதைவிட நல்ல சமயம் அவருக்கு வாய்க்காது. அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெல்ஃபினா அந்தக் குட்டியை வாங்கி உள்ளே விட்டாள். "எனக்குத் தெரியும்," என்றாள். "ஊருக்கெல்லாம் சொல்றவளுக்குத் தெரியாதா? என்னைப் பாக்கத்தான் வருதுன்னு நெனச்சுக்கிட்டேன். பெயில் போடு, ஹாலிஸ்."

"ஒரு அட்டையும் டேப்பும் குடுங்க, மொதல்ல."

அவளே எழுந்து கொண்டு வந்தாள். அவளே உள்ளே கையை விட்டு, கண்ணாடியை மறைத்து, ஓரம் பிரியாமல் அழுத்தி ஒட்டினாள். குட்டிகள் சற்றுத் தடுமாறின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய், வெட்டிப் போட்டிருந்த சப்பாத்திக்கள்ளி மடலைக் கடிக்க ஆரம்பித்தன.

"ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல."

"நல்ல கூண்டுல அப்படித்தான் இருக்கும், மேடம்," என்றார் ஹாலிஸ். "பாஸ்."

நான்தான் கை தட்டினேன். டெல்ஃபினா நாற்காலிக்குத் திரும்பவில்லை. கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி, மேலிருந்து அவை தின்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.