என் பாட்டிலில் இருந்து பத்து மாத்திரை

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் எனக்கு ஒரு மாத்திரை உண்டு. தைராய்டு சரியாகச் சுரக்காமல் ஊதிப்போய்ச் சோர்ந்து கிடந்தவளை அதுதான் எழுப்பி நடமாட விட்டது. அதனால் அந்த மாத்திரை மேல் எனக்குச் சாமி மாதிரி நம்பிக்கை.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். எரியோட்டில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பார்த்ததும் திக்கென்றது. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள், ஆனால் ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தாள். காபி டம்ளரைப் பிடித்த கை தந்தியடித்தது.

"சும்மா உக்காந்திருந்தாலும் நெஞ்சு படபடன்னு அடிக்குதுக்கா" என்றாள்.

தக்காளித் தோட்டத்தில் பாம்பைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று அவள் மாமியார் திருநீறு மந்திரித்துப் பூசியிருந்தார். கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். நான்தான் படித்தவள் ஆயிற்றே! ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். "தைராய்டுதாம்மா, டாக்டர்ட்ட காட்டுங்க" என்று ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். அதற்கான டாக்டர் மதுரையிலிருந்து வர இன்னும் பத்து நாள் இருந்தது.

"இதுக்கா இம்புட்டுப் பயந்த? எனக்கும் இதேதானடி" என்று என் பாட்டிலில் இருந்து பத்து மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது பெருமையாகவே இருந்தது.

ஒன்பதாம் நாள் காலை அவள் கணவர் அவளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வியர்வை. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாலு துடிப்பு முட்டிமோதிக்கொண்டு வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. என் விரல் காத்துக்கொண்டிருந்தது. மறுபடி மூன்று.

பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் ஈசிஜி காகிதத்தையும் பழைய ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தைராய்டு அளவுக்கு மேல சுரக்குது. அதான் இதயத்தப் போட்டு விரட்டுது. இப்ப துடிப்பே ஒழுங்கில்லாமப் போச்சு. இப்படியே விட்டா உள்ள ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போயிரும். வேற ஏதும் மாத்திரை சாப்ட்டியாம்மா?"

"இல்ல சார்" என்றாள் தங்கை. அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பக்கத்தில் அவள் கணவர் நின்றார். தங்கை செத்துப்போவாளோ என்று ஒரு பயம். நான்தான் காரணம் என்று இவருக்குத் தெரிந்துவிடுமே என்று இன்னொரு பயம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது. டாக்டர் மருந்துச் சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் பாதிப் பக்கம் எழுதும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சார் குடுத்தேன். என்னோட தைராய்டு மாத்திரை."

பேனா நின்றது. "உங்களுக்குக் கம்மி, இவங்களுக்கு ஜாஸ்திம்மா. ரெண்டும் ஒண்ணா?" என்றார். எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டார். தங்கை கணவர் என்னைத் தாண்டிப் போய், டாக்டர் மறுபடி எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

துடிப்பு ஒழுங்குக்கு வர நாலு நாள் ஆயிற்று. சுரப்பைக் குறைக்கிற மாத்திரை வருஷக்கணக்கில் ஓடியது. இன்றும் அவளைப் பார்த்ததும் என் கை அவள் மணிக்கட்டுக்குப் போய்விடும். கேட்காமலே நீட்டுவாள். "சரியா ஓடுதாக்கா?" என்று சிரிப்பாள்.

அன்று அவள் சொன்ன பொய்யைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதே இல்லை. பேசினால், நான் எவ்வளவு நேரம் சும்மா நின்றேன் என்பதும் வந்துவிடும்.