எலி சொன்னதும் சொல்லாததும்

கோதுமை மாவில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார் ஆவுடையப்பன். பார்த்தால் பலகாரத்துக்கு என்று தோன்றும். இடப்பக்கக் கூண்டுகளில் இருக்கும் சுண்டெலிகளுக்கு அந்த உருண்டைகள். வலப்பக்கத்தாருக்கு எண்ணெய் படாத மாவு.

தூத்துக்குடிக் கல்லூரியொன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். பையன்களுக்கு 'எலி சார்'. பம்பாயிலிருந்து ரயிலில் வந்த அந்தச் சுண்டெலிகளில் தாய் தன் பாலோடு ஒரு வைரஸையும் குட்டிக்குக் கொடுத்துவிடும். வளர்ந்த பெட்டைகளில் பலவற்றுக்கு மார்பில் புற்றுக்கட்டி வரும். எண்ணெய்த் தீனி அதை விரைவுபடுத்துகிறதா, சினைப்பையை எடுத்து ஹார்மோனை நிறுத்தினால் கட்டி வராமலே போகிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி.

"வைரஸ் மட்டும் பத்தாது வே. தீனியும் சேரணும், ஒடம்புச் சுரப்பும் சேரணும்" என்பார், அதே கல்லூரியில் வேலை பார்க்கும் என்னிடம். கூண்டைக் கழுவும்போது பெட்டைகளைத் 'தாயி' என்றுதான் விலக்குவார். கல்யாணப் பந்தியில் யாராவது, "அப்ப எண்ணெய்ப் பலகாரம் திங்கலாமா சார்?" என்று கேட்டால், "பொறுங்க, எலி இன்னும் சொல்லல" என்றபடி இன்னொரு வடையை எடுத்துக்கொள்வார். அவருடைய தாயார் மார்புக் கட்டியில் இறந்தவர். அதைப் பற்றி மட்டும் அவர் பேசிக் கேட்டதில்லை.

போன ஆனியில் அவருடைய தங்கை பகவதி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். கூட வந்திருந்த அவள் புருஷன் இசக்கியப்பனுக்கு வேம்பாரில் பலசரக்குக் கடை. மச்சானிடம் ஆவுடையப்பன் எலிக்கதையை உற்சாகமாக விளக்கினார். அடுக்களையில் இருந்தவள் காதில் அது விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சில நாள் கழித்து இசக்கியப்பன் கல்லூரிக்கே வந்து நின்றார். "மச்சான், அவ பிள்ளைக்குப் பால் குடுக்க மாட்டேங்கா. டப்பாப்பால்தான். பிள்ளைக்கு வயித்தால நிக்காம போவுது."

அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினோம். உப்பளங்களைத் தாண்டி வேம்பாரில் இறங்கியதும் ஆவுடையப்பன் முன்னால் நடந்தார்.

பால் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்தாள் பகவதி. பக்கத்தில் துவண்டு கிடந்த பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது.

"அம்மைக்கு வந்துச்சு. எனக்கும் உள்ள இருக்கும். அத இவளுக்கும் குடுக்கணுமாண்ணே?"

"அது எலிக்குச் சொன்னதுளா."

"மனுசருக்கு இல்லன்னு சொல்லு."

ஒரே ஒரு பொய் போதும்.

"அப்படிச் சொல்ல முடியாதுளா. சந்தேகப்படுதாங்க, தேடுதாங்க. மனுசருக்குப் பால் வழியா வருதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. ஆனா இந்த டப்பாப்பால் பிள்ளைய என்ன பாடு படுத்துதுன்னு கண்ணு முன்னால தெரியுதே."

"உனக்கு ஒரு பிள்ளை இருந்தா, மதினியக் குடுக்கச் சொல்லுவியா?"

அவர் குழந்தையைப் பார்த்தார். "சொல்லுவேன்."

"பயமில்லாமலா?"

"பயத்தோடதான் சொல்லுவேன்."

பகவதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நாங்கள் மூவரும் வெளியே வந்தோம். ஆவுடையப்பன் கதவைச் சாத்தினார். உள்ளே முனகல் கொஞ்சங்கொஞ்சமாக அடங்கி, பிள்ளை பால் விழுங்கும் சத்தம் கேட்டது. இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைப்பக்கம் போனார். கதவுக் கொண்டியைப் பிடித்திருந்த கையை மட்டும் ஆவுடையப்பன் எடுக்கவேயில்லை.