என் கட்டைவிரல் தேய்த்த ராஜா காசு

பருத்தியைக் கிள்ளி இழுத்து இழையின் நீளம் சொல்வதில் கோவில்பட்டி வட்டாரத்தில் எனக்கு மேல் ஆள் கிடையாது. ஊரே இதைச் சொல்லும். ஊர் சொல்லாவிட்டால் நானே சொல்லுவேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், மூட்டை தூக்கி, தராசு பிடித்து, சொந்தமாகப் பஞ்சுக் கமிஷன் கடை வைத்தேன். எல்லாம் இந்த வலது கைக் கட்டைவிரலின் புண்ணியம். அதே கட்டைவிரல்தான் அறுபத்தெட்டு வயதில் என்னை ஒரு மேஜை முன்னால் வேர்க்க வைத்தது.

கடையை மகனிடம் விட்டபிறகு வெள்ளைக்காரன் காலத்துப் பழைய வெள்ளி ரூபாய் சேர்க்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருசம் ஒருமுறை கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைப்போம். அங்கே மூன்று நாற்காலி போட்ட மேஜை ஒன்று இருக்கும். யார் காசை நீட்டினாலும் அந்த மூன்று பேரும் பார்த்துத் தரம் சொல்லுவார்கள். ஒருவர் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் கல்லூரி வாத்தியார். மூன்றாவது நாற்காலி காலியானபோது, அதில் நான் உட்கார வேண்டும் என்று கேட்டேன். படித்தவர்கள் இரண்டு பேருக்குப் பக்கத்தில் நான். அந்த ஆசையை மறைக்க மாட்டேன்.

"அஞ்சு காசு வைப்போம். அஞ்சுக்கும் சரியாச் சொல்லிட்டா நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் மேனேஜர்.

காலையில் கிளம்பும்போது என் வீட்டுக்காரி வாசல்வரை வந்தாள். "பேரனும் பரீட்சைக்குப் போறான், தாத்தாவும் பரீட்சைக்குப் போறாவ. பேனா, பென்சில் எல்லாம் எடுத்துக்கிட்டீயளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருந்தது.

சேர்க்க ஆரம்பித்த புதிதில் கயத்தாற்றில் ஒரு பழைய வீட்டில் கிரீடம் வைத்த ராஜா ரூபாய் ஒன்று கிடைத்தது. கன்னங்கரேல் என்றிருந்தது, ராஜாவின் தாடிக்குக் கீழே சின்ன வெட்டு வேறு. வெள்ளிக் குங்குமச் சிமிழை வீட்டில் எப்படித் துலக்குவோம்? திருநீறு தொட்டுத் தேய்ப்போம். நானும் அப்படியே கட்டைவிரலால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். காசு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அட்டையில் செருகி 'யு.என்.சி.' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அச்சடித்த நாளிலிருந்து யார் கையிலும் புழங்காத காசு என்று அதற்கு அர்த்தம். அதை ஓட்டப்பிடாரத்து நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். மானாவாரி விவசாயி, என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். பதிலுக்கு அவர் தன்னிடமிருந்த ராணி தலை ரூபாய் இரண்டைத் தந்தார்.

ஒரு வருசம் கழித்து, மேனேஜர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "தேய்ச்ச காசுக்குத் தரமே கிடையாது. தேய்க்கறப்ப காசோட தோலே போயிரும்."

அன்றிலிருந்து ஆறு மாதம் நான் வேறு வேலை பார்க்கவில்லை. காலை வெயிலில் மாடியில் உட்கார்ந்து காசைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். புழங்காத காசில் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி சுற்றி வரும். புழங்கியதில் மேடுகள் முதலில் மழுங்கும். ராஜாவின் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு, அதன் தும்பிக்கையைப் பார்த்தால் போதும். தேய்த்த காசில் வெளிச்சம் சுற்றாது, அப்படியே நிற்கும். லென்ஸில் மயிர்க்கோடுகள் தெரியும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே கண்டுகொண்டேன். கண்டுகொண்ட அன்றே ஓட்டப்பிடாரத்துக் காசு நினைவுக்கு வந்தது.

ஆனாலும் சொல்லவில்லை. ஒவ்வொரு கண்காட்சியிலும் அவர் தன் தட்டின் நடுவில் அதை வைத்து, "அண்ணாச்சி பாத்துக் குடுத்தது" என்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

பரீட்சையில் முதல் நான்கு காசும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விளிம்பில் பிடித்தேன், திருப்பினேன், சொன்னேன். நான்காவதில் வாத்தியாரே தடுமாறினார். நான் தடுமாறவில்லை. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஐந்தாவது காசை மேனேஜர் கறுப்புத் துணியில் வைத்தார். அட்டையில் இல்லை, வெறும் காசு. கிரீடம் வைத்த ராஜா. ராஜாவின் தாடிக்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டு. அந்த வெட்டை எனக்குத் தெரியும்.

எதிரே ஓட்டப்பிடாரத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். பரீட்சைக்குத் தன் காசையும் கேட்டார்கள் என்ற பெருமை முகத்தில். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

லென்ஸை வைத்தேன். வட்டம் வட்டமாகக் கோடுகள். வேறு யார் விரலும் இல்லை, என் விரல். யு.என்.சி. என்றால் பரீட்சை போச்சு. தேய்த்தது என்றால் அவர் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? தலைக்கு மேல் ஃபேன் சுற்றியும் உள்ளங்கை வழுக்கியது. காசைத் துணியில் வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்தேன்.

"என்ன அண்ணாச்சி, தெரிஞ்ச காசுக்கு இம்புட்டு நேரம் பாக்குதீங்க?" என்றார் அவர்.

கூட்டம் சிரித்தது.

"தேய்ச்ச காசு" என்றேன். "தரம் கிடையாது."

மேனேஜர் தலையசைத்தார். "சரிதான். நானும் அதேதான் எழுதியிருக்கேன்." அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். எதிரே ஓட்டப்பிடாரத்துக்காரர் முகம் சுருங்குவதைப் பார்த்ததும் மூட முடியவில்லை.

"தேய்ச்சது நான்தான். திருநீறு போட்டு. அப்ப எனக்குத் தெரியாது."

"பொறவு தெரிஞ்சிச்சா?" என்றார் ஓட்டப்பிடாரத்துக்காரர்.

"தெரிஞ்சிச்சு."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

என் கையைப் பார்த்தார். "காசு போனாப் போகுது அண்ணாச்சி. ரெண்டு வருசமா நான் பீத்திக்கிடும்போதெல்லாம் பக்கத்துல நின்னு தலையாட்டுனீங்களே."

காசை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போய்விட்டார்.

மேனேஜர் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். உட்காராமல் எழுந்து போகிற அளவுக்கு நான் பெரிய மனுசன் இல்லை. மத்தியானம் வரை காசு பார்த்தேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. கண் மட்டும் வாசலுக்கே போனது.

மூன்று மணி வாக்கில் வரிசையில் ஓட்டப்பிடாரத்துக்காரர் நின்றார். முறை வந்ததும் பழைய அட்டையை மேஜையில் வைத்தார். உள்ளே அதே காசு, மேலே என் எழுத்து. நான் பையிலிருந்து அவருடைய ராணி ரூபாய் இரண்டையும் எடுத்து முன்னால் தள்ளினேன். வீட்டுக்கு மகனை அனுப்பி எடுத்து வரச் சொல்லியிருந்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "முதல்ல அட்டையைத் திருத்துங்க. இங்கன, எல்லாரும் பாக்க."

யு.என்.சி.யை அடித்தேன். கீழே 'தேய்த்த காசு' என்று எழுதினேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அவர் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"யாரு தேய்ச்சதுன்னு?"

'தேய்த்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம்தான் ராணி ரூபாயை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ராஜாவையும் திருப்பித் தரவில்லை. இப்போதும் அவர் தட்டின் நடுவில் அதுதான் இருக்கிறது, அட்டை வெளியே தெரிகிற மாதிரி. யாராவது கேட்டால் கையை நீட்டி என் நாற்காலியைக் காட்டுகிறார்.